கொக்கி வாலை மறைத்த நோட்டீஸ்

ஒரு புதன்கிழமை காலை. கல்முனையில் நான் வேலை செய்யும் மிருக வைத்தியக் கிளினிக்கைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். சிபானா ராத்தா ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். உள்ளே நான்கு பூனைக்குட்டிகள்.

“தாயக் காணல்ல தங்கச்சி, நேத்துக் காலையில இருந்து. பஞ்சில பால் நனைச்சிக் குடுத்துப் பாத்தன். மூணு குடிக்கிது. இந்தச் சின்னவன் வாயே திறக்கிறானில்ல.”

டொக்டர் சின்னவனைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஒம்பது நாள்தான் இரிக்கும். சிரிஞ்சில குடுப்பம். ஆனா இவன் தாங்கமாட்டான். நாளைக்குள்ள தாய் வரோணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒண்ட பேஸ்புக்க எடு பிள்ள.”

தொலைந்த பிராணிகளைத் தேடிக் கொடுப்பது என் வேலையில் சேர்ந்ததல்ல. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் விட்ட பிழைகளையாவது விடாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கிளி படிப்பித்தது

நான் சேர்ந்த முதல் மாதம், வழிதவறி வந்த ஒரு கிளியின் படத்தை எல்லா அடையாளங்களோடும் பேஸ்புக்கில் போட்டேன். ஐந்து பேர் உரிமை கேட்டு வந்தார்கள். ஐவரும் நான் எழுதியதையே எனக்கு ஒப்புவித்தார்கள். அன்றிலிருந்து ஓர் அடையாளத்தை எழுதாமல் மறைத்து வைப்பேன். அதைச் சரியாகச் சொல்பவர்தான் சொந்தக்காரர்.

ராத்தாவின் பூனை வெள்ளை. இடது காதில் செம்மஞ்சள் புள்ளி. வாலின் நுனி கொக்கி போல மடிந்திருக்கும். வாலை மறைத்துவிட்டு, முகப் படத்தோடு மற்றதை பேஸ்புக்கிலும் நோட்டீஸிலும் போட்டேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமை.

2. வெள்ளைப் பூனைகளின் ஊர்

முதலில் வீட்டைத்தான் தேட வேண்டும். அலுமாரிக்குப் பின்னால், கூரைக்குள், பக்கத்து வீட்டு வளவுகளில் எல்லாம் பார்த்தோம். ராத்தா உடுத்த சால்வையை வாசலில் விரித்து வைத்தோம், அந்த மணத்துக்கு வரும் என்று. வரவில்லை.

பகலுக்குள் போன் சூடாகிவிட்டது. கல்முனையில் வெள்ளைப் பூனை இல்லாத வளவே இல்லை போலும். ஒருவர் போன் எடுத்துக் கேட்டார்:

“தங்கச்சி, பூனை ஒண்டு புடிச்சி வெச்சிரிக்கன். ஆனா இது கடுவன். பரவாயில்லையா?”

“குட்டிக்குப் பால் குடுக்கோணும் காக்கா.”

“அப்ப சரிவராது என்ன.”

3. மீன்காரக் காக்கா

வியாழன் காலை சின்னவன் அழுவதைக்கூட நிறுத்திவிட்டான். கிளினிக் வாசல் லைட் போஸ்டில் இன்னொரு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஹோர்ன் அடித்துக்கொண்டு ரபீக் காக்காவின் மீன் பைக் வந்து நின்றது. கல்முனையிலிருந்து அடுத்த ஊரான பாண்டிருப்பு வரை வீட்டுக்கு வீடு கேற்றடியில் நின்று மீன் வெட்டிக் கொடுப்பவர் அவர். செவுளும் குடலும் அந்தந்தத் தெருப் பூனைகளுக்கு.

நோட்டீஸை உற்றுப் பார்த்தார். “மூஞ்சியப் போட்டிரிக்காய். பூனைட மூஞ்ச நான் எங்க கண்ட? குந்தி மீன் வெட்டக்குள்ள எல்லாம் வால நிமித்திக்கிட்டு என்னச் சுத்தி வரும். எனக்கு வால்தான் தெரியும். இதுக்கு வால் எப்பிடி?”

தயங்கினேன். ரகசிய அடையாளமல்லவா. பிறகு சின்னவனின் ஒட்டிய வயிறு நினைவுக்கு வந்தது.

“நுனி மடிஞ்சிரிக்கும் காக்கா. கொக்கி மாதிரி.”

“அட, இத எழுதியிருந்தா நேத்தே சொல்லியிருப்பனே. பாண்டிருப்புல பரமேஸ்வரி டீச்சர்ட கேற்றடியில ரெண்டு நாளா புதுசா ஒரு கொக்கி வால் நிக்கி. செவுளப் போட்டாலும் தின்னுதில்ல. கத்திக்கிட்டே திரியிது.”

ராத்தாவின் கணவர் ஓட்டோ ஓட்டுபவர். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். “செவ்வாக்கிழம காலையில அந்த ரோட்டுக்குத்தானே ஆளேத்திக்கிட்டு ஹயர் போன நான்.” டொக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த வயதில் தாய்ப் பூனை குட்டிகளை இடம் மாற்றப் பார்க்கும். ஓட்டோவின் பின் சீட்டுக்குப் பின்னால் இருட்டு, பழந்துணி. நல்ல இடம் என்று பார்க்க ஏறியிருக்கும்.

அதே ஓட்டோவில் பாண்டிருப்புக்குப் போனோம். பெட்டி ராத்தாவின் மடியில். டீச்சர் கேற்றைத் திறக்கவில்லை.

“உங்கட பூனை எண்டுறத்துக்கு என்ன அடையாளம்?”

“கொக்கி வால் டீச்சர்,” என்றேன்.

“அது இந்த ரோட்டுக்கே தெரியும். வேற சொல்லுங்க.”

ராத்தா ஓட்டோவில் இருந்தபடியே பெட்டியின் மூடியைத் திறந்தார். அந்த நேரம் பெட்டிக்குள் ஒரு குட்டி கத்தியது. விறகுக் குவியலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை உருவம் பாய்ந்து, மதிலேறி, நேரே ராத்தாவின் மடியில் விழுந்தது.

“சரி, அடையாளம் போதும்,” என்று டீச்சர் கேற்றைத் திறந்தார்.

டீச்சரின் படிக்கட்டில் வைத்தே பூனை சரிந்து படுத்தது. மற்ற மூன்றும் முண்டியடித்தன. ராத்தா சின்னவனைத் தூக்கி நடுவில் வைத்தார். சற்று நேரம் சும்மா கிடந்தான். பிறகு முலையைக் கவ்விக்கொண்டு, முன்னங்கால் இரண்டாலும் தாயின் வயிற்றை உழக்கத் தொடங்கினான். ராத்தா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். டீச்சர் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார்.

ஓர் அடையாளத்தை மறைக்கத்தான் வேண்டும், இப்போதும் மறைக்கிறேன். ஆனால் பாதத்தின் அடியில் உள்ள கறுப்புப் புள்ளி போல, கையில் தூக்கி வளர்த்தவருக்கு மட்டும் தெரிவதை. தெருவில் தெரிவதைத் தெருவுக்குச் சொல்லிவிட வேண்டும். என் நோட்டீஸில் இப்போது இரண்டு படங்கள்: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முதல் பிரதி மீன் பைக்குக்கு.

மூன்று மாதம் கழித்து ரபீக் காக்கா போன் எடுத்தார். “தங்கச்சி, டீச்சர்ட கேற்றடியில ஒரு சின்னக் கொக்கி வால் நிக்கி. ஆருடையோ துலைஞ்சிட்டு போல.”

“இல்ல காக்கா. அவன் நம்மட சின்னவன். டீச்சர் கேட்டு வாங்கின. அதுதான் அவண்ட வீடு.”

“அப்பிடியா. அப்ப அவனுக்கும் ஒரு செவுள் சேத்துப் போடுறன்,” என்றார். போனுக்குள் ஹோர்ன் சத்தம் கேட்டது.