வைகை மணலில் தாலியோடு ஒரு மோட்டார்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சிம்மக்கல்லிலிருந்து புறப்பட்டோம். நான் மோட்டார் ஓட்டக் கற்று நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அதுவும் வெளிவீதிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டியதுதான். நல்ல சாலையை விட்டு இறங்கியதே இல்லை. என்னைப் போலப் புதிதாகக் கற்றுக்கொண்டு கிராமப்புறம் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். பட்ட பாட்டை மறைக்கப் போவதில்லை.

தென்கரையில் என் தம்பிக்குக் கல்யாணம். முகூர்த்தம் பெண் வீட்டில், பத்தரைக்குள். அதற்குமேல் ராகுகாலம். மாப்பிள்ளை முதல் நாளே உறவுக்காரர்களோடு மாட்டுவண்டியில் போய்விட்டான். தாலியை மட்டும் நான் மோட்டாரில் கொண்டுவருகிறேன் என்று அடம்பிடித்து வாங்கி வைத்துக்கொண்டேன். பெண் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போய் இறங்க வேண்டுமென்ற ஆசை, வேறென்ன? பின் சீட்டில் என் மனைவி சொர்ணம், மடியில் தாலிப் பையோடு. என் பக்கத்தில் காதர். சிம்மக்கல்லில் டயருக்கு ஒட்டுப்போடும் கடை வைத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம்.

பெட்ரோல் காலன் ஒன்றேகால் ரூபாய். மூன்று காலன் போட்டேன். சோழவந்தான் பதினான்கு மைல். அங்கே ஆற்றைத் தாண்டினால் தென்கரை. பாலத்தைத் தாண்டிச் சமயநல்லூர் வரை சாலை சமர்த்தாக இருந்தது. காற்று முகத்தில் அடிக்க, இருபத்தைந்து மைல் வேகத்தில் போனபோது எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடினேன். காதர் காதைப் பொத்திக்கொண்டான்.

ஏழரை மணி. தேனூருக்கு முன்னால் வாய்க்கால் வேலைக்காகச் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டித்தடத்தில் இறங்கினோம். மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்த பள்ளத்திலேயே இரண்டு பக்கச் சக்கரத்தையும் விட்டேன். நடுவிலிருந்த மண்மேடு மோட்டாரின் அடிவயிற்றில் இடித்தது. ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும் இன்னொன்றை ஓரத்திலும் ஏற்றி ஓட்ட வேண்டுமாம். இன்னொன்று: ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே கொடுக்காதீர்கள். பள்ளத்தில் விழுந்தால் அது வெட்டித் திரும்பி விரலைப் பதம் பார்த்துவிடும். என் விரல் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. இப்படி இடித்து, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, ஊர்ந்துதான் போனோம்.

ஒன்பதேகால் மணிக்குச் சோழவந்தான். இரு பக்கமும் வெற்றிலைக் கொடிக்கால்கள், அவற்றைத் தாண்டினால் வைகை. கால் மைல் அகலத்துக்கு மணல். நடுவில் மட்டும் கணுக்கால் தண்ணீர். எதிரே தென்கரைத் தோப்புகள் தெரிந்தன.

"ரெண்டாம் கியர்ல போட்டு ஒரே மூச்சா போ. எது வந்தாலும் நிப்பாட்டிராத மாப்ள" என்றான் காதர்.

சரி என்றுதான் இறங்கினேன். பாதி ஆறு வரை அருமையாகப் போயிற்று. ஆனால் ஆற்றைத் தாண்டும்போது தண்ணீரைக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மாட்டுவண்டியில் போனால் மாடு தண்ணீர் குடிக்க நிற்கும். இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொள்வோம். தம்பியின் தாலியோடு போகும்போது கும்பிடாமல் தாண்டுவதா? கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இரண்டு கையையும் கூப்பினேன். கண்ணைத் திறந்தபோது மோட்டார் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தது.

பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். அதைவிடத் தப்பு வேறில்லை. பின் சக்கரங்கள் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிக்கொண்டன. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே அரை மணி போய்விட்டது. அக்கரையில் நாதஸ்வரம் கேட்டது. தம்பி மணவறையில் உட்கார்ந்திருப்பானே என்று நினைத்ததும் மறுபடியும் அழுத்தினேன்.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. சொர்ணம் கீழே இறங்கினாள். பையை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க வண்டியப் பாருங்க. நான் தாலியக் கொண்டு போறேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மணலில் நடந்தாள்.

அவள் இறங்குவதற்குள்ளேயே காதர் டயர்களில் பாதிக் காற்றை இறக்கியிருந்தான். மாட்டுவண்டிச் சக்கரம் போல் கெட்டியாக இருக்கட்டும் என்று நான்தான் காலையில் கல்லாக அடித்து வைத்திருந்தேன். மணலில் டயர் தளர்ந்து, அகலமாகப் பதிய வேண்டும். கொடிக்காலிலிருந்து இரண்டு பேர் அகத்திக் கிளைகளைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் திணித்தார்கள். மூவரும் தள்ள, நான் பதமாக மிதிக்க, மோட்டார் எழுந்தது! காதர் ஓடிவந்து புட்போர்டில் தொற்றிக்கொண்டான். தண்ணீர் இரண்டு பக்கமும் பீச்சியடிக்கப் பறந்தோம். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

முன்னால் சொர்ணம் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பிக் கையை நீட்டினாள். நிறுத்தினால் மறுபடி புதைவோம். என் பெண்டாட்டியையும் தம்பி தாலியையும் மணலிலேயே விட்டுவிட்டு, அவளைத் தாண்டிப் போனேன்.

கெட்டித்தரை வந்த பிறகுதான் நிறுத்தினேன். பெண்ணின் தகப்பனார் கரைக்கே ஓடிவந்திருந்தார்.

"தம்பி, தாலி எங்க?"

"பின்னால நடந்து வருது மாமா" என்றேன்.

சொர்ணம் மேலேறி வந்து, மூச்சு வாங்க அவர் கையில் பையைக் கொடுத்தாள். வீடு கரையை ஒட்டியே இருந்தது. தம்பி தாலி கட்டியபோது மணி பத்து இருபத்திரண்டு.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பெண் வீட்டார் சொர்ணத்துக்கென்று ஒரு கூண்டுவண்டி பூட்டி நிறுத்தியிருந்தார்கள். யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. அவள் வண்டிக்காரரிடம் மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னாள். பிறகு அத்தனை பேர் பார்க்க வந்து, முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதர் பின் சீட்டுக்குப் போய்விட்டான்.