அண்டி ஆபீசின் ஜன்னல்கள்

2012, ஆனி மாதம். வேளிமலை அடிவாரத்தில் பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே புதிய முந்திரி ஆலை எழுகிறது. இங்கே அதை ‘அண்டி ஆபீஸ்’ என்கிறார்கள். மின்விசிறி வேண்டாம், மலைக்காற்றே போதும் என்று இளம் பொறியாளர் வரைந்த கட்டடம். ஓட்டுக்கூரை, மலையைப் பார்த்து வரிசையாக ஜன்னல்கள். அழகாகவே இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

அங்கே பருப்புக்குத் தோலுரிக்கப் போகிற ரோசம்மா ஜன்னலுக்குக் கீழே தரையில் சம்மணமிட்டு அமர்கிறார்.

“சாரே, இங்க வந்து இரியுங்க. மலை தெரியுதா?”

வேலையைப் பார்வையிட வந்திருக்கும் பொறியாளர் அவர் பக்கத்தில் உட்காருகிறார். எதிரே செங்கல் சுவர்தான். ஜன்னல் காற்று தலைக்கு மேலே போகிறது.

“நாங்க நின்னுக்கிட்டா தொலி உரிப்போம்? பழைய ஆபீசுல வேர்த்துச் செத்தோம். இங்கயுமா?”

பொறியாளர் சிரித்துவிட்டு, உட்கார்ந்தபடியே சுவரில் கோடு கிழிக்கிறார்.

“கொத்தனாரே, இதுவரைக்கும் இடிச்சிடுங்க.”

“இன்னும் ஒரு சாண் தாழ்த்துங்க சாரே. நான் குள்ளமாக்கும்.”

கோடு ஒரு சாண் இறங்குகிறது.