மன்னிக்கிறேன் என்று வாசித்த நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை, கனடாவின் ஒஷாவாவில், நீதிமன்ற அறைக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றரைப் பக்கக் கடதாசி. வாசித்து முடிக்க நாலு நிமிடம் போதும் — வீட்டில் மணிக்கூடு பார்த்துப் பழகியிருந்தேன். ஆனால் முதல் வரியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஸ்னோ தள்ளுவதைப் பற்றியும் பார்க்கிங் டிக்கெட்டைப் பற்றியும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் புலம்புகிறவள் நான். நாலு வாரமாக என் இடம் வெறுமையாகக் கிடந்தது. "எழுதுறதை விட்டிட்டீங்களோ?" என்று ஈமெயில் போட்டவர்களுக்கு இதுதான் பதில்.

என் தம்பி அன்ரன் போன வருடம் வேலை முடிந்து அஜக்ஸ் நகரில் ரயிலால் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தான். நடந்து கடக்கிறவர்களுக்கான விளக்கு எரிந்தது. சரியாகத்தான் கடந்தான். போனைப் பார்த்துக்கொண்டு கார் ஓட்டி வந்த ஒரு பெண் அவனைக் காணவில்லை. அவ்வளவுதான். நாற்பத்து நாலு வயது. மனைவி சுபா, இரண்டு பெண் பிள்ளைகள்.

கார் ஓட்டியவள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். தண்டனை சொல்வதற்கு முன், குடும்பத்தவர்கள் தங்கள் இழப்பைப் பற்றி நீதிபதி முன் வாசிக்கலாம் என்றார்கள். அண்ணா வாசிப்பதாகச் சொன்னார். சுபா தன்னால் ஏலாது என்றாள். நானும் வாசிக்கிறேன் என்றேன்.

எழுதிக்கொண்டு போனபோது கடைசியில் ஒரு வரி வந்தது. 'நான் உங்களை மன்னிக்கிறேன்.' அதை நான் யோசித்து எழுதினேன் என்று சொல்லமாட்டேன்... வந்தது. பார்த்துவிட்டுப் பயந்துபோய்ப் பேனையை மூடி வைத்தேன்.

ஏன் பயம்? அது உண்மையா என்று எனக்கே தெரியாதே! அதே வாரம்தான், சிக்னலில் போன் பார்த்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு ஹோர்ன் அடித்து, கண்ணாடியை இறக்கி, வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். மன்னிக்கிற ஆள் செய்கிற வேலையா அது?

அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"உந்தக் கடைசி வரியை வெட்டு."

"ஏன் அண்ணா?"

"லோயர் எவ்வளவு பாடுபட்டு அவளை உள்ளுக்கை அனுப்பப் பாக்கிறார். நீ போய் மன்னிக்கிறன் எண்டு நிண்டா ஜட்ஜ் என்ன நினைப்பார்?"

"யேசு செய்யச் சொன்னதைத்தானே..."

"நீ என்ன யேசுவே?" அவர் குரல் உடைந்தது. "செத்தது சுபான்ரை மனிசன். மன்னிக்க நீ ஆர்?"

அண்ணா கெட்ட மனிதர் இல்லை. அன்ரனுக்கு சைக்கிள் பழக்கியவர் அவர்தான்.

செபக் குழுவிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று போனேன். அங்கே குழுவில் மூத்தவரான மேரி அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "செபத்திலை சொல்லுறது வேறை பிள்ளை. கோட்டிலை சொல்லுறது வேறை. சனம் என்ன கதைக்கும்? உடன்பிறப்பிலை பாசமில்லாதவள் எண்டெல்லோ சொல்லும்."

மன்னிப்பைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்கிறோம். தலையாட்டுகிறோம். பிறகு கீழே மண்டபத்துக்குப் போய்க் கோப்பி குடிக்கிறோம். ஒரு கரைச்சலும் இல்லை. மன்னிக்கவேண்டிய ஆளுக்கு ஒரு முகமும் பெயரும் வரட்டும் — அப்போதுதான் எல்லாருக்கும் நெஞ்சு திக்கென்கிறது. எனக்கும்தான்.

ஆனால் அண்ணா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. மன்னிக்க நான் யார்? சுபாவிடம் போனேன். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடதாசியை ஈரக் கையாலேயே வாங்கி, நின்றபடி வாசித்தாள்.

"நான் மன்னிக்கேல்லை மச்சாள்," என்றாள். "இனியும் மன்னிப்பனோ தெரியாது."

"அப்ப நான் இதை வெட்டிவிடுறன் சுபா."

"வேண்டாம். உங்களுக்காக எண்டு சொல்லுங்கோ. எனக்காகச் சொல்லாதேங்கோ. பிள்ளையளுக்காகவும் சொல்லாதேங்கோ."

வீட்டுக்கு வந்து, அந்த வரிக்கு முன்னால் இன்னொன்றைச் சேர்த்தேன். 'இது என்னுடைய சொல் மட்டுமே. என் தம்பியின் மனைவிக்காகவோ பிள்ளைகளுக்காகவோ பேச எனக்கு உரிமை இல்லை.' அரச தரப்பு லோயரிடமும் கேட்டேன். தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லி அந்தக் கடதாசியில் கேட்க முடியாது, நீங்கள் அப்படிக் கேட்கவில்லையே, வாசிக்கலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை முதலில் அண்ணா வாசித்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒவ்வொரு சொல்லுக்கும் நானும் அழுதேன். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் பக்கம் எப்படியோ ஓடிவிட்டது. அன்ரனின் சிரிப்பு, அவன் வைக்கும் நண்டுக் கறி, பிள்ளைகள் இன்னும் அவனுடைய ஜக்கெட்டைப் போர்த்துக்கொண்டு ரீவி பார்ப்பது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த வரியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கடதாசியை மடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அண்ணாவோடு சண்டை இல்லை. மேரி அன்ரிக்கும் நிம்மதி. சனமும் கதைக்காது. நீதிபதி, "அவசரமில்லை, ஆறுதலாக வாசியுங்கள்," என்றார். எனக்கு அண்ணாவின் மூச்சுச் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

யேசுவே, என்ரை வாயைத் திற... அந்த நேரத்தில் வந்த செபம் அவ்வளவுதான்.

வாசித்தேன். யாரோ சின்னப் பிள்ளை வாசித்ததுபோல ஒரு கீச்சுக் குரல். பின்னால் வாங்கு கிரீச்சிட்டது. கதவு திறந்து மூடியது. அண்ணா வெளியே போய்விட்டார்.

கார் ஓட்டியவள் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. எனக்கோ ஒரு சமாதானமும் வரவில்லை. கடதாசியை மடித்துக்கொண்டு வந்து சுபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று வருடம் சிறை. தான் எதிர்பார்த்தது அதுதான் என்றார் லோயர். ஆனால் அண்ணா கார் தரிப்பிடத்தில் நின்று, "கூடக் கிடைச்சிருக்கும். நீதான் கெடுத்தாய்," என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.

அதற்கு முன், நீதிமன்ற நடையில் இன்னொன்று நடந்தது. நானும் சுபாவும் வெளியே வந்துகொண்டிருந்தோம். வயதான ஒரு பெண் எங்களை நோக்கி வந்தார். கார் ஓட்டியவளின் தாய். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, "தாங்க் யூ... தாங்க் யூ..." என்று.

என் கைகள் கோட் பொக்கற்றுக்குள் இருந்தன. வெளியே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அத்தனை பேர் முன்னால் மன்னிக்கிறேன் என்று வாசித்தவள், அந்தத் தாயின் கையைத் தொடப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா ஒரு அடி வைத்தார், தடுமாறினார். சுபா சட்டென்று முன்னால் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அவரை வாங்கில் இருத்திவிட்டு, கையை விட்டாள்.

காரில் ஏறியதும் நான் அவளைப் பார்த்தேன். சுபா சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

"நான் மன்னிக்கேல்லை மச்சாள்," என்றாள். "அவ விழப்போனா. பிடிச்சனான். அவ்வளவுதான்."

வாசித்து முடித்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். சொன்ன சொல்லுக்கு ஏற்றபடி இனித்தானே வாழவேண்டும்... பயமே இப்போதுதான் தொடங்குகிறது.