அருவி ஏறிய கேசட்

போகும் இடத்துச் சத்தங்களைக் கைப்பேசியில் பதிவது என் பொழுதுபோக்கு. இன்று ஐந்தருவியில் பதியத் தொடங்கியதும், இடமில்லை, பழையதை அழி என்கிறது.

ஏழு வயதில், சவுதியிலிருந்த வாப்பாவுக்கு அருவிச் சத்தம் அனுப்ப ஆசைப்பட்டு, மாமாவுடன் டேப்ரெக்கார்டரை இங்கே தூக்கிவந்தேன். உள்ளே கிடந்த கேசட்டிலேயே பதிந்துவிட்டேன். அது வாப்பா பேசி அனுப்பியது.

வீட்டில் போட்டதும் உம்மா கேட்டாள்: “ஏட்டி, வாப்பா குரல் எங்கட்டி?”

நான் அழுதேன். அவள் திட்டவில்லை. “அழாதட்டி. கடைசியில ஒரு வார்த்தையாவது கெடக்கும்” என்று ஸ்பீக்கரில் காதை வைத்து, நாடா தீரும்வரை அருவியையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அழிக்கச் சொல்லும் பட்டியலில் முதலில் இருப்பவை உம்மாவின் வாய்ஸ் மெசேஜ்கள். அவள் மௌத்தாகி அடக்கமானபின் ஒன்றையாவது போட்டுக் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.