யூட்டேயின் ஐம்பதாவது வருடம்

யூட்டே, ஸ்கௌபி என்கிற மெழுகுவர்த்தித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது 1972 ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை. முந்தின வெள்ளிக்கிழமைதான் வயதான ராஜா கண்ணை மூடியிருந்தார். அவருடைய மூத்த மகள் ராணியாகி மூன்று நாள் ஆகியிருந்தது. லெம்விக் ஊரில் ராஜாவின் துக்கத்துக்கு வீட்டுக்கு வீடு ஜன்னலில் வெள்ளை மெழுகுவர்த்தி வைத்ததால் தொழிற்சாலையில் சரக்கு போதவில்லை. பதினேழு வயது யூட்டேக்கு முதல் நாளே மூச்சுவிட நேரமில்லை. சாயங்காலம் விரலெல்லாம் மெழுகு ஒட்டிக்கொண்டிருக்க வீட்டுக்கு வந்தவள், "நானும் ராணியும் ஒரே சமயத்துல வேலைக்குச் சேர்ந்திருக்கோம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் ராணி விஷயத்தில் விளையாட்டுப் பேச்சு கிடையாது.

அன்றிலிருந்து அவள் வாழ்க்கையில் எதற்கும் கணக்கு ராணியை வைத்துத்தான். அவள் அம்மா இறந்தது ராணி பதவிக்கு வந்த ஏழாவது வருடம். தொழிற்சாலைக்கு மெழுகு உருக்கப் புதுக் கொப்பரை வந்தது இருபதாவது வருடம். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை, அதனால் அதற்கு வருடமும் இல்லை.

இதையெல்லாம் கேட்டு அலுத்துப்போனவர் பிரேபென். அதே தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர், இடதுசாரிக் கட்சிக்காரர், முடியாட்சி என்றாலே முகத்தைச் சுளிப்பவர். மதியம் கறுப்பு ரொட்டியைப் பிரிக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"தேர்தல்லயே நிக்காம இத்தனை வருஷமா ஜெயிச்சுக்கிட்டே இருக்காங்களே, உன் ஆளு, பெரிய திறமைதான்."

"நீ ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சியே, அவன் எங்க இப்போ?"

"போயிட்டான். அதுக்குப் பேருதான் ஜனநாயகம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அவன் உன் ஆளு, அடுத்தவன் எதிர்க்கட்சிக்காரங்க ஆளு. வர்றவன் எல்லாம் பாதிப் பேருக்குத்தான் சொந்தம். ராணி யார் ஓட்டையும் கேக்கல, அதனால யாரையும் ஒதுக்க வேண்டியதில்ல. உன்னைக்கூட."

"என்னை ஒதுக்கட்டும், எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்பார் பிரேபென். ஆனாலும் மறுநாள் திரும்ப அதே பேச்சுதான்.

ஒரே ஒரு முறை அவர் ராணியைப் பாராட்டினார். எண்பதுகளில் ஒரு புத்தாண்டு உரையில், வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களைப் பற்றிக் குத்தலாகப் பேசுகிற வழக்கத்தைச் சொல்லி, ராணி மொத்த நாட்டையும் கண்டித்தார். மறுநாள் பிரேபென், "எந்த மந்திரிக்கும் இதைச் சொல்ற தைரியம் கிடையாது" என்றார். யூட்டே அந்த வாக்கியத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர் அளவுக்கு மீறிப் பேசுகிற நாட்களில் எடுத்து நீட்டுவாள்.

அந்த நாட்டில் முதலாளியையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டரையும் நீ என்றுதான். நீங்கள் என்ற சொல்லை ராணிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யூட்டேயின் ஆசை அதுதான். ஒரு முறை ராணிக்கு முன்னால் நின்று, வாயால் நீங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு வழியும் இருந்தது. ஒரே இடத்தில் இடைவிடாமல் ஐம்பது வருடம் வேலை செய்தவருக்கு அரச பதக்கம் உண்டு. பதக்கம் வாங்கியவர் அரண்மனைக்குப் போய் நேரில் நன்றி சொல்லலாம். அதிகம் போனால் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் நாற்பது வருடமாகக் காத்திருந்தாள்.

2022 ஜனவரியில் ஐம்பது வருடம் முடிந்தது. தொழிற்சாலை வாசலில் கொடி ஏற்றினார்கள், ஆளுக்கொரு ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். பழைய முதலாளி ஹென்னிங்கின் மகள் லோனே இப்போது தொழிற்சாலையை நடத்துகிறாள். அவளே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு யூட்டேயின் மேசைக்கு வந்தாள்.

"இதுல ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. நடுவுல எப்பவாவது வேலையை விட்டிருக்கியான்னு கேக்கறாங்க. இல்லைன்னு போட்டுடறேன்."

"நாளைக்குப் போடலாம்" என்றாள் யூட்டே.

அன்று மதியம் அவள் ரொட்டியைத் தொடவில்லை. பிரேபெனுக்குக் காரணம் தெரியும். உயிரோடு இருக்கிறவர்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

1978 மே மாதம் யூட்டே வேலையை விட்டுவிட்டு நார்வேக்குப் போனாள். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவனை நம்பித்தான். பெர்கன் ஊரில் நாலு மாதம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, செப்டம்பரில் தனியாகத் திரும்பினாள். ஹென்னிங் ஒரு கேள்வி கேட்கவில்லை. "உன் மேலங்கி அதே ஆணியிலதான் தொங்குது" என்றார், அவ்வளவுதான். அவர் எங்கேயும் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. இருபத்தைந்தாம் வருடக் கொண்டாட்டமும் நாற்பதாம் வருடக் கொண்டாட்டமும் 1972ஐ வைத்தே நடந்தன. யூட்டேயும் சும்மா இருந்துவிட்டாள். ரொட்டிக்கும் காப்பிக்கும் போய் யார் நார்வேயைப் பற்றிப் பேசுவார்கள்.

பிரேபென் குரலைத் தாழ்த்தினார். "ஹென்னிங் மண்ணுக்குள்ள இருக்கான். நான் வாயைத் திறக்கப் போறதில்ல. இல்லைன்னு போடச் சொல்லு."

"நீயா சொல்றே? அந்தப் பதக்கம் வெறும் தகரம்னு சொன்னவன் நீதானே?"

"தகரம்தான். தகரத்துக்காக எதுக்கு நாலு மாசத்தைத் தோண்டறே? நாட்டுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"பிரேபென், ராணி ஒரு நாள்கூட விட்டுட்டுப் போகல. போயிருக்கலாம். யாருக்குத்தான் தோணாது? நான் போனேன். போயிட்டு, அவங்க முன்னாடி போய் நின்னு, நானும் உங்க மாதிரிதான்னு எப்படிச் சொல்றது?"

இந்த மாதிரி நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிரேபெனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரிந்ததில்லை. மறுநாள் அவள் லோனேயிடம் போய் நார்வேயைச் சொன்னாள், கப்பல்காரன் பெயரை மட்டும் விட்டுவிட்டு. லோனே சிரித்தாள், பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்போ 2028 செப்டம்பர்லதான் அம்பது ஆகும். உனக்கு எழுபத்து நாலு வயசாயிடும், யூட்டே. ஓய்வூதியம் வாங்கிக்கிட்டு வீட்ல இருக்க வேண்டியவ நீ."

"வேலை செய்ய முடியாதுன்னு நான் சொன்னேனா?"

சாப்பாட்டு வேளையில் பிரேபென் வேறு கணக்குப் போட்டார். "அப்ப ராணிக்கு எம்பத்தெட்டு."

"அவங்க அம்மா தொண்ணூறு வரைக்கும் இருந்தாங்க. இவங்க பாதியில இறங்க மாட்டேன்னு எத்தனை தடவை சொல்லிட்டாங்க. உன் மந்திரிங்க மாதிரியா? அவங்க எங்க போயிடப் போறாங்க?"

அதோடு அவள் வேலைக்குத் திரும்பினாள். அறுபத்தேழு வயதில் மறுபடியும் ஆறரை வருடத்தை எண்ண ஆரம்பித்தாள். ஊரில் அவளோடு படித்தவர்கள் எல்லோரும் தோட்டத்தில் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்த காலைகளில், அவள் ஆறரை மணிக்குச் சைக்கிளில் மேடேறிப் போனாள். இரண்டாவது குளிர்காலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். கேட்டவர்களிடம் டயர் சரியில்லை என்றாள்.

2023 டிசம்பர் முப்பத்தொன்று. பிரேபென் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தார், மனைவியை அதற்கும் முன்பே இழந்திருந்தார். ராணியின் உரையைக் கேலி செய்ய அவருக்கு ஒரு துணை தேவைப்பட்டதால், சில வருடங்களாகப் புத்தாண்டுக்கு முந்தின மாலை யூட்டே வீட்டுக்குத்தான் வருவார். அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது, கடுகுக் குழம்பு தயார். பாதாம் கேக்கை வளையம் வளையமாக அடுக்கி நடுவில் சின்னக் கொடி குத்தியிருந்தாள். ஆறு மணிக்கு நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது. உரை வாசிக்கும்போது ராணியின் காகிதங்கள் வருடா வருடம் கலைந்துபோகும், இந்த முறை எந்தப் பக்கத்தில் என்று பிரேபென் வழக்கம்போல் பந்தயம் கட்டினார்.

காகிதம் கலையவில்லை. ராணி போர்களைப் பற்றிப் பேசினார், வானிலையைப் பற்றிப் பேசினார். உரை முடியப்போகிற நேரத்தில், வருடத் தொடக்கத்தில் முதுகில் செய்த அறுவைச் சிகிச்சையைச் சொன்னார். உடம்புக்கு முன்போல் எல்லாம் முடியவில்லை, பொறுப்பை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தேன் என்றார். ஜனவரி பதினான்காம் தேதி பதவியிலிருந்து இறங்கி மகனிடம் ஒப்படைப்பதாகச் சொன்னார்.

பிரேபென் இதற்காகத்தான் வாழ்நாள் முழுக்க எழுதித் தயாராக வைத்திருந்த மாதிரி எத்தனையோ வாக்கியங்கள் அவரிடம் இருந்தன. ஆனால் அவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை, யூட்டேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேசியகீதம் முடிந்த பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது ராஜாவும் அதே பதக்கத்தைத்தான் கொடுப்பாரு" என்றார் அவர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. குடியரசுக்காரர் வாயிலிருந்து ராஜாவுக்கு மரியாதை வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"மீன் குழைஞ்சிடும்" என்று யூட்டே எழுந்தாள். எழுவதற்கு மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை, மேலங்கியை மாட்டிக்கொள்ளாமல் நேராக லோனேயின் அறைக்குப் போனாள். பதினான்காம் தேதியோடு வேலையை விடுவதாகச் சொன்னாள். லோனே கோபப்பட்டாள், அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும்.

"இன்னும் நாலு வருஷம் சொச்சம்தான். இவ்வளவு தூரம் வந்துட்டு விடறியா? ராணியைப் பார்க்க முடியாதுங்கற வருத்தத்துல முடிவு பண்ணாதே."

"வருத்தம் இருக்கு. இல்லாம என்ன" என்றாள் யூட்டே. நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். "எனக்கு ரெண்டு வருஷமா இடுப்பு வலி, லோனே. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. முடியலைன்னு சொல்லலாம்னு எனக்குத் தெரியாது. அவங்க சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது."