நான் தண்ணீர் காட்டிய லாரிப் பட்டை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இன்றைக்குத் திண்டுக்கல்லில் என் ஸ்பிரிங் பட்டறைக்கு எஞ்சினியர்கள் வந்து, இந்த இரும்பு ஏன் உடைந்தது என்று கேட்டுப் போகிறார்கள். உடைந்த வாயைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்காகவும்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. பெரும்பாறை காப்பித் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்தில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம், கொல்லு வேலை தெரிந்த மாமாவையும் சேர்த்து. தோட்டத்துத் துரைக்குத் துப்பாக்கிப் பைத்தியம். குறிக்காகத் தொங்கவிட்ட தகடுகளையெல்லாம் அவர் ரைஃபிள் ஓட்டை போட்டுவிட்டது. குண்டைத் தாங்கும் பட்டை அடித்துக் கொடுத்தால் தோட்டத்துப் பட்டறையும் அதை ஒட்டிய வீடும் மாமாவுக்கு என்றார். அம்மா பழனி முருகனுக்கு என் முடியை நேர்ந்துகொண்டாள்.

மாமா சுண்டுவிரல் தடிமனுள்ள பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து நேராக்கி, மெல்ல ஆறட்டும் என்று சாம்பலில் புதைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அரிவாளை அவர் தண்ணீரில் தோய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மறந்துவிட்டார் போல என்று, சிவப்பு மாறாமல் இருந்த பட்டையை இடுக்கியால் இழுத்துத் தொட்டியில் அமுக்கினேன். சுர்ரென்றது. திரும்பவும் புதைத்துவிட்டு, வீட்டையே வாங்கிக் கொடுத்தவன் போல நடந்தேன்.

ஞாயிறு காலை துரை சுட்டார். பட்டை மூன்று துண்டாகச் சிதறியது.

கணக்குப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னய்யா, பட்டைன்னு சொல்லி அப்பளத்தத் தொங்கவிட்டுட்ட!"

மாமா ஒரு துண்டை எடுத்து, உடைந்த வாயை வெயிலில் திருப்பிப் பார்த்தார். உள்ளே பொடிமணியாக மின்னியது. பிறகு என்னைப் பார்த்தார். "எஞ் சோலிதான் தப்பிப்போச்சுங்க தொரை. அடுத்த ஞாயித்துக்கெழம வேற கொண்டாறேங்க."

இரண்டாவது பட்டையைப் புதைத்த அன்று என் கையில் அரையணா வைத்தார். "ஏலே மாப்ள, கடையில மிட்டாய் வாங்கித் தின்னு. வெரசா ஓடியாராத. மெல்லமா வா." அதுவரை எதற்கும் என்னை மெதுவாக வரச் சொன்னதே இல்லை.

அந்த ஞாயிறு குண்டு பட்டதும் பட்டை ஊஞ்சலாடி நின்றது. முன்னால் கிண்ணம் போல் குழி, பின்னால் தொப்பை போல் புடைப்பு. போச்சு, வீடு போச்சு என்று நான் அழுதேன். துரையோ குழிக்குள் விரலை விட்டுப் பார்த்து, மாமா தோளில் தட்டினார். குழிந்து கொடுத்ததால்தான் அது தாங்கியது, தண்ணீரில் விறைத்ததால்தான் முதலாவது சிதறியது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

வீடு வந்தது, முடி போனது. பழனிப் படியில் மொட்டைத் தலையோடு இறங்கும்போது எனக்கு ஒரே ஆற்றாமை.

"மொதப் பட்டைல குழியே விழல, மாமா."

மாமா என் மொட்டையில் சந்தனத்தைத் தடவினார். "ஆமா மாப்ள. ஒம் பட்டைல குழி விழாதுதான்."

என் பட்டை என்று அவரே சொன்னதில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். தொட்டி விஷயத்தை ஒருவரிடமும் மூச்சு விடவில்லையே, இவருக்கு எப்படித் தெரியும் என்று கடைசிப் படி வரைக்கும் தோன்றவே இல்லை.