இரண்டாம் வரிசைக் குரல்

எதிரில் வருபவரிடம் ஏதாவது ஒரு திறமையைக் கண்டுபிடித்து, அதை அவரிடமே சொல்லிவிடாமல் அம்மாவால் இருக்க முடியாது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரும் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், யார் எங்கே இறங்குவார்கள் என்று கேட்காமலே நிறுத்துவார். அவருடைய ஞாபகசக்தியை அம்மா ஒருநாள் வாயாரப் புகழ்ந்தாள். அந்த மகிழ்ச்சியில் அவர் எங்கள் நிறுத்தத்தை மறந்துவிட்டார். வெயிலில் திரும்பி நடந்தபோதும் அம்மா அவருக்காகவே பரிந்து பேசினாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குச் சபைப் பெண்கள் பாடும் பாட்டில் ஒரு சரணத்தைத் தனியாகப் பாடும் வாய்ப்பு அம்மாவுக்கு வந்தது. பாடகர் குழுவை நடத்தியவர் போதகரின் மனைவி. அவரை ஐயரம்மா என்போம். ஆறு வருடம் இரண்டாம் வரிசையில் நின்று கூடப் பாடியே பழகியவள் அம்மா. இப்போது பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தச் சரணம்தான். டிவியில் செய்தி கேட்க முடியவில்லை என்று அப்பா முணுமுணுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சண்டே ஸ்கூலில் ஒருத்தி விடாமல் சொல்லி வைத்தேன்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில், மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி பாடியது அம்மாவின் காதில் விழுந்தது. அவ்வளவுதான். அன்று மாலையே அந்த அக்காவைப் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"இவங்க வாய்ஸ் கேளுங்க ஐயரம்மா. அந்த சரணத்த இவங்களே பாடட்டும்" என்றாள்.

ஐயரம்மா கேட்டார், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று அம்மாவே எதிர்பார்க்கவில்லை என இப்போது தோன்றுகிறது. நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

பண்டிகையன்று பீடத்தைச் சுற்றி வாழைத்தாரும் பூசணியும் குவிந்திருந்தன. அக்கா நன்றாகத்தான் பாடினார். ஆனால் மூன்றாவது வரியில் கூட்டத்தைப் பார்த்து மிரண்டதில் குரல் நின்றுபோனது. உடனே இரண்டாம் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. அந்த வரியை மெதுவாகக் கொண்டுபோய், அக்கா சேர்ந்துகொண்டதும் அடங்கிவிட்டது. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்த ஒரு வரி, மொத்தப் பாட்டையும்விடப் பிடித்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்று புகழ்ந்தாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, பாட்டு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டாள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

"அந்த அக்கா சூப்பரா பாடினாங்க."

"ஆமா, நல்ல குரல்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "வேற ஏதாவது கேட்டுச்சா?" என்றாள்.

"இல்ல."

அம்மா மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். அவளைச் சரியாகத் தண்டித்துவிட்டதாக நினைத்து வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போது எனக்குத் தெரியாது.